சிரிப்புப் படம்

சாயங்காலம் போடியிலிருந்து சிலமலைக்குப் போகும் பஸ்சில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மலையில் ஏலத்தோட்ட வேலை முடிந்து திரும்புகிறவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. திடீரென்று ஜன்னலோரத்தில் இருந்தவள் சொன்னாள்:

"எங்க அக்கா செத்ததப் பாத்து நான் சிரிச்சுட்டேன்டி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்திலிருந்தவளும் அதிர்ந்துபோய்த் திரும்பினாள்.

"என்னடி சொல்ற? அவ ஜீப்பு உருண்டுல்ல செத்தா? அன்னைக்கு நீ அழுத அழுகைய நான் பாத்தேனே."

"நேத்துச் சினிமாவுலடி. பேய்ப் படம்னா நான் வரலன்னேன். 'பேயெல்லாம் சும்மாம்மா, முழுக்கச் சிரிப்புத்தான்'னு மகன் கூட்டிட்டுப் போனான். அதுல தோட்ட வேலைக்குப் போற பொம்பளைக ஜீப்போட பள்ளத்துல உருளுறாக. பேயா எந்திரிச்சு வந்து, 'எங்க தூக்குவாளி எங்கடா'ன்னு டிரைவர வெரட்டுறாக. தேட்டரே சிரிக்குது. நானும் கண்ணுல தண்ணி வரச் சிரிச்சேன். பெறகுதான் அக்கா ஞாபகம் வந்துச்சுடி."

"பேய்ப் படம்னே சொல்லிக் கூட்டிட்டுப் போயிருந்தா?"

"ஜீப்பப் பாத்ததுமே எந்திரிச்சு வந்திருப்பேன். சிரிக்கணும்னுல்ல போயி உக்காந்தேன்."

"மகன்கிட்டச் சொன்னியா?"

"எப்படிச் சொல்ல? நான் இப்படிச் சிரிச்சு அவன் பாத்ததே இல்லையாம். ஞாயித்துக்கெழம மறுபடியும் கூட்டிட்டுப் போறேங்கிறான்."

"போகாதடி."

"போறேன். இப்ப என்ன வரும்னு தெரியும்ல. அப்பவும் சிரிக்கிறேனான்னு பாக்கணும்."