குழலுக்கு வைத்த காது

சில வீடுகளில் பின்னேரமானால் தாயம் உருட்டுவார்கள். சில வீடுகளில் பாய் இழைப்பார்கள். எங்கள் வீட்டில் துவக்குச் செய்வோம், மருந்து இடித்துச் சுடுகிற நாட்டுத் துப்பாக்கி. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, ஐயா. கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயல் வட்டையில் வேளாண்மை செய்கிறவனுக்குப் பன்றி என்றால் என்னவென்று தெரியும். விளைந்த வயலில் ஒரு கூட்டம் இறங்கினால் பிறகு அங்கே சேறுதான் மிச்சம். அதற்காகத் தொடங்கியது. பிறகு பன்றி வராத மாதத்திலும் செய்தோம். கை பழகிவிட்டது.

என் பெயர் மூத்ததம்பி. வயது அறுபத்தெட்டோ எழுபதோ. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். யாரையும் சும்மா நம்புவதில்லை. உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இன்றைக்குக் காலையில் மண்முனைத் துறையில் தோணி ஏறி நானாகத்தான் இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. எங்கள் வீட்டு வளவில் கடைசியாகச் செய்த துவக்கைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். நான், என் பெண்சாதி கண்ணகை, மகள் அன்னப்பூரணி, அவள் புருசன் வினாயகமூர்த்தி. ஆளுக்கொரு வேலை உண்டு. கண்ணகை மரப்பிடியைத் திருக்கை மீன் தோலால் தேய்த்து வழுவழுப்பாக்குவாள். மகள் எட்டு வயதிலிருந்தே துருத்தி இழுத்தவள். குண்டு போகிற இரும்புக் குழல் என்னுடையது. குழலில் வேறு யாரும் கை வைப்பதில்லை. ஒன்றையும் விற்கவில்லை. சொந்தக்காரருக்கு வயற்காவலுக்குக் கொடுத்திருக்கிறேன், மற்றதெல்லாம் வீட்டில் இருந்தது.

இரும்பு கொண்டு வருகிறவர் காத்தான்குடி அப்துல் கபூர். சாறன் துணி விற்க வருவார். சாறன் பொட்டலத்துக்குக் கீழே பழைய இரும்பு இருக்கும். வாய்க்காரன்.

"என்ன மூத்தம்பியண்ணன், ஜப்பான்காரன் கரைக்கு வந்தா ஒங்கட வளவுலதான் சண்டை தொடங்கும் போல."

"அவனும் எங்கட வயலுக்க எறங்கட்டும், காக்கா. பன்றியோட பன்றியா நிப்பான்" என்பாள் கண்ணகை. அவரை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

எல்லோரும் சிரிப்பார்கள். நல்ல வீடு, ஐயா.

நான் போட்ட சட்டம் இரண்டு. முதலாவது, நான் காது வைக்காத குழல் வெடிக்குப் போகாது. குழலை நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு ஆணியால் தட்டுவேன். நல்ல குழல் மணி போல நீளமாக இழுத்து ஓயும். உள்ளே வெடிப்பிருந்தால் சொத்தென்று நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் காதுக்குத் தெரியும். நான் தட்டும்போது வீட்டில் ஒரு சத்தம் இருக்காது. கண்ணகை கோழியைக்கூட வேலிக்கு அப்பால் துரத்தி விடுவாள்.

இரண்டாவது சட்டம், குழல் அடித்தவனே முதல் வெடி வைக்க வேண்டும். தன் தோளில் வைத்து. வேறு ஊர்களில் புதுத் துவக்கை மரத்தில் கட்டிவிட்டுத் தூர நின்று கயிற்றால் இழுப்பார்கள். அது தன் வேலையில் நம்பிக்கை இல்லாதவன் செய்வது. அப்படிச் சுட்ட துவக்கு என் வாசலுக்குள் வரக் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

மகள் கலியாணம் முடித்தபோது எங்கள் வழக்கப்படி வீடும் வளவும் அவள் பெயருக்குப் போயின. மாப்பிள்ளை எங்களோடு வந்து குடியிருந்தான். நானும் கண்ணகையும் வளவு மூலையில் ஒரு குடில் போட்டுக்கொண்டோம். அது உலகத்தில் நடப்பதுதான். ஆனால் உலை இருந்த கொட்டிலும் அதே வளவுக்குள்தான். அன்றிலிருந்து என் உலை இன்னொருவன் காணியில் இருந்தது. இதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

வினாயகமூர்த்தி ஐந்தாம் வகுப்புப் படித்தவன். ஊர்த் தலைமைக்காரர் விதானையாரிடம் அரிசிக் கூப்பன் விசயமாகப் போவதென்றால் அவன்தான் போவான். வந்த புதிதில் ஒரு நாள் சொன்னான், "மாமா, அனுமதி கேட்டு ஒரு மனு எழுதித் தாறன். பயமில்லாமச் செய்யலாம்."

"எனக்கு ஆரிட்டப் பயம்?" என்றேன்.

அதற்குப் பிறகு அவன் அந்தக் கதை எடுக்கவில்லை. பேசுகிறவனைவிடப் பேசாமல் விட்டவனைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடலில் கப்பல்களுக்குக் குண்டு விழுந்த வருடம் அது. பட்டணத்திலெல்லாம் பட்டாளம். சித்திரை கழிந்து ஒரு காலையில் பொலிஸ் வந்தது. வேறெங்கும் தேடவில்லை. நேரே வைக்கோற் போருக்குப் போய், அடியைக் கிளறி, ஐந்து துவக்கையும் எடுத்து வெளியே அடுக்கியது. அந்த இடம் நான்கு பேருக்குத்தான் தெரியும். என்னைக் கழித்தால் மூன்று. கண்ணகை நாற்பது வருடம் என்னோடு இருந்தவள். அன்னப்பூரணி என் இரத்தம். மிச்சம் ஒருவன்.

வளவு யார் பெயரில் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். மகள் பெயரில் என்றேன். அப்படியானால் வீட்டுக்காரன் யார் என்றார். நான் வினாயகமூர்த்தியைப் பார்த்தேன். அவன் முன்னுக்கு வந்து, "நான்தான் ஐயா. எல்லாம் என்ட சாமான்" என்றான்.

மூன்று மாதம் சிறையில், மறியலில் இருந்தான். ஊரில் எல்லோரும் அவனைப் புகழ்ந்தார்கள். மாமனுக்காக மறியலுக்குப் போன மருமகன் என்றார்கள். நான் வேறு மாதிரி நினைத்தேன். காட்டிக் கொடுத்தவனை உள்ளே வைத்தால்தான் ஊர் சந்தேகப்படாது. அது பொலிசுக்குத் தெரியாதா? கோபிக்க வேண்டாம், ஐயா. அந்த நேரம் அப்படித்தான் தெரிந்தது.

மெலிந்துபோய்த் திரும்பி வந்தான். வந்த மறுநாள் கொட்டிலில் என் பக்கத்தில் குந்தினான்.

"மாமா, எனக்கொரு குழல் அடிக்கப் பழக்குங்க."

"மறியலால வந்தவனுக்கு மறுகாவும் துவக்கா?"

"புடிச்சா என்னத்தானே புடிப்பாங்க. எனக்கு அவடத்துச் சோறு பழகிட்டு. நீங்க ஏன் யோசிக்கீங்க?"

அன்னப்பூரணி துருத்தியை விட்டுவிட்டுச் சிரித்தாள். "பழக்கி விடுங்கப்பா. இவருக்குக் கத்தி தீட்டவே கை நடுங்கும். பாப்பமே."

பழக்கினேன். துவக்கு உளவு பார்க்க வந்தவன் என்றால் பக்கத்தில் இருப்பதுதான் நல்லது. இரண்டு மாதம் அந்த ஒரு குழலில் கிடந்தான். பெருவிரலைச் சுட்டுக்கொண்டான். நான் வயலுக்குப் போன நேரங்களிலும் சம்மட்டிச் சத்தம் கேட்டது. பிழை என்றால் சொல்வேன், சரி என்றால் சொல்ல மாட்டேன். அது என் வழக்கம்.

ஐப்பசியில் ஒரு பின்னேரம் குழலைக் கொண்டுவந்து தந்தான். நூலில் கட்டினேன். கண்ணகை கோழியைத் துரத்தினாள். வாய்ப் பக்கம் தட்டினேன், நன்றாக இழுத்தது. வெடிமருந்து இருக்கிற பின்பக்கம் தட்டினேன். சொத்தென்று நின்றது. வினாயகமூர்த்தி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான், பரீட்சை எழுதினவன் மாதிரி.

பலர் நினைப்பார்கள், இப்படியான முடிவு எடுக்க நாள் கணக்காகும் என்று. எனக்கு ஆகவில்லை. நான் அவனுக்கு ஒன்றும் செய்யவில்லை, ஐயா. குழலை அடித்தது அவன். சுடப் போகிறவன் அவன். நான் ஒரு சொல் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"சரி. நல்ல குழல்" என்றேன்.

அவன் சாஷ்டாங்கமாக விழுந்து கும்பிட்டான். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

பிடி பொருத்த இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் வெயில் தாழ்ந்த பிறகு நாங்கள் நால்வரும் வயல் ஓரத்துக்குப் போனோம். எதிரே ஒரு புற்று. அதற்குத்தான் எப்போதும் சுடுவோம். அவன் மருந்து போடும்போது, "முதல் வெடிதானே, கூட ஒரு விரல் அளவு போடு" என்றேன். போட்டான். கண்ணகையையும் மகளையும் பின்னுக்கு இழுத்து ஒரு மருத மரத்தடியில் நிற்பாட்டினேன். நானும் அங்கே நின்றேன்.

அவன் துவக்கைத் தோளுக்குக் கொண்டுபோனான். பிறகு இறக்கிவிட்டுச் சிரித்தான்.

"மாமா, பொய்யால முதல் வெடி வெக்க எனக்கு மனமில்ல. வாய்ப் பக்கந்தான் நான். மருந்துப் பக்கம் எனக்குச் சரிவரல்ல. நீங்க வயலுக்குப் போன நேரம் அடிச்சுச் சேத்தது இவதான்."

"சொல்ல வேணாம் எண்டு எத்தின தரம் சொன்ன நான்?" என்றாள் அன்னப்பூரணி. "நீங்க இவர நல்லவன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுவீங்க எண்டு பாத்தம்பா. சொல்லிட்டீங்க. போதும்."

"அப்ப வெடி ஆருக்கு?" என்றாள் கண்ணகை.

"அடிச்ச ஆளுக்குத்தான். அப்பாட சட்டமெல்லா?"

மகள் போய்த் துவக்கை வாங்கினாள். நேரம் இருந்தது, ஐயா. அதை மறைக்க மாட்டேன். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். உள்ளங்கை வியர்வையைத் துடைத்தாள். துவக்குப் பிடியைத் தோளில் வைத்து, சரியில்லை என்று எடுத்து, மறுபடி வைத்தாள். வினாயகமூர்த்தி திரும்பி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் இப்போது "நில்" என்றால், மூன்று நாளைக்கு முன் அவனுக்கு ஏன் "சரி" என்றேன் என்று அவன் கேட்பான். ஒரு பேச்சும் இல்லாமல் கண்ணாலேயே கேட்பான். அவன் காணியில் இருந்துகொண்டு அந்தக் கேள்விக்கு நான் என்ன சொல்வது?

அவள் குறி பார்த்தபடியே கேட்டாள், "அப்பா, நல்லாக் கேட்டுத்தானே சொன்னீங்க?"

"ஓம்" என்றேன்.

மற்றது உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. விசாரணைக்கு வந்த ஐயா குழலின் பிளந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு விபத்து என்று எழுதினார். வினாயகமூர்த்தி எட்டு நாளும் ஒரு பருக்கை தொடவில்லை. நான்தான் கொன்றேன், நான்தான் அவள் கையில் கொடுத்தேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் இருந்தேன். அவனை மறுக்கவில்லை.

எட்டாம் நாள் சடங்கு முடிந்து சனம் போன பிறகு கண்ணகை என்னிடம் வந்தாள். "வைக்கல் போருக்க துவக்கு இருக்கெண்டு விதானையாருக்குச் சொன்னது நான்தான்" என்றாள். குண்டு விழுகிற காலத்தில் வீட்டில் ஐந்து துவக்கு இருந்தால் எல்லோரையும் கட்டிக்கொண்டு போவார்கள், சாமானை மட்டும் எடுத்துப் போகட்டும் என்று நினைத்தாளாம். அழுதாள். என்னோடு நாற்பது வருடம் இருந்தவள். அதை வேளைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என் மகள் இன்றைக்கு இருப்பாள். அதை அவளிடமே சொன்னேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. செய்த பிழையை ஏற்றுக்கொள்ளச் சிலருக்கு மனம் வராது.

இது நடந்து ஐந்து மாதம். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் இப்படியே இருந்திருப்பேன்.

போன கிழமை அப்துல் கபூர் வந்தார். துக்கம் நடந்த வீடென்று வாசலிலேயே நின்றார். வினாயகமூர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார். நான் கொட்டிலுக்குள் இருந்தேன்.

"ஒங்கட பிழை இல்ல தம்பி. ஒங்களுக்கென்ன தெரியும்? கிழவர்ர காது போயிட்டு. வயசு போனாப் போறதுதான். நாங்கதான் அவரக் குழலுக்குக் காது வெக்க விட்டிருக்கப் படா. ஊருல எல்லாரும் அதத்தான் கதைக்காங்க."

வினாயகமூர்த்தி, "ஓம் காக்கா. பாவம், மாமாட்ட இதச் சொல்லிராதீங்க" என்றான்.

பாவம் என்றான், ஐயா. என்னை.

அதனால் வந்தேன். மகளின் சாவை விபத்து என்றே விட்டுவிடுங்கள். அது சரியாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது, அவளுக்கு அப்படி வர வேண்டுமென்று நான் நினைக்கவில்லை. ஆனால் என் காதில் ஒரு பிசகும் இல்லை. குழலில் வெடிப்பு இருந்தது. மருந்துப் பக்கம் இருந்தது. ஒரே தட்டில் எனக்குக் கேட்டது. இதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். எழுதி முடிந்ததும் யாரையாவது அனுப்பி அப்துல் கபூருக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.