இன்னொரு தடவை எடுத்துக்கலாமா

அந்தப் பெட்டி டிக்கியிலேயே கிடக்கட்டும்ணே, அது என்னுது இல்ல. தோத்தவங்க டிவியில இழுத்துட்டுப் போறாங்களே, அந்தப் பெட்டி... உள்ள ரெண்டு தலகாணி, அவ்வளவுதான். என் துணியெல்லாம் இந்தக் கவர்ல இருக்கு. அடுத்த வாரம் வேற ஆளு இழுக்கணுமாம், பத்திரமா கொண்டுபோய்க் குடுத்துடுங்க.

அந்த டிவி போட்டியில பன்னெண்டு பேர்ணே. ஒரே ஒரு மேனேஜர் வேலை. ஒன்பது வாரம் தாக்குப்பிடிச்சேன்! இந்த வாரம் பஸ் ஸ்டாண்டுல குடை விக்கணும். எங்க டீமுக்கு நான்தான் லீடர். அன்னைக்குன்னு பார்த்து வானம் பளிச்சுன்னு இருக்கு. கூட ஒரு கோட்டுக்காரன்... எந்திரிச்சதுல இருந்து 'விஷன், விஷன்'னு உயிரை வாங்குவான். அவன் வித்தது ஒரே ஒரு குடை. அதையும் அவனே வாங்கிப் பிடிச்சுட்டு நின்னான், வெயிலுக்கு. ஆனா பாருங்க, அவன் உள்ள இருக்கான், நான் உங்க வண்டியில இருக்கேன்.

ஏசியைக் கொஞ்சம் கூட்டுங்க... இல்ல, வேணாம், குறைங்க.

நானா? மெத்தைக் கடையில பதினோரு வருஷம் சூப்பர்வைசர். லீவு போட்டுட்டுப் போங்கன்னு என் பொண்டாட்டி தலைப்பாடா அடிச்சுக்கிட்டா. கேட்டேனா? வேலையை விட்டதும் இல்லாம, "இனிமே என்னைப் பார்க்கணும்னா டிவியைப் போடுங்க"ன்னு ஓனர் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டு வந்தேன். வாய் சும்மா இருந்தாத்தானே!

இன்னைக்கு அந்த மேனேஜர் வேலை குடுக்கப்போற முதலாளி கேட்டாரு, யாரை வீட்டுக்கு அனுப்பலாம்னு. கோட்டுக்காரன் கூசாம என்னைக் காட்டினான். நான் எந்திரிச்சேன். "சார், லீடர் நான். தப்பு என்னுது. என்னை அனுப்புங்க." மூணு நாளா பாத்ரூம்ல ஒத்திகை பார்த்தது. முதலாளிக்கே கண்ணு கலங்கிடுச்சுண்ணே. உன்ன மாதிரி ஆளுதான் எனக்கு வேணும், நீ உட்காருன்னாரு. கோட்டுக்காரனைக் கிளம்பச் சொல்லிட்டாரு.

ஆமா, அவனைத்தான். ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க.

அப்புறம் எப்படின்னா... எப்படிச் சொல்றது. 'என்னை அனுப்புங்க'ன்னு சொல்லும்போது அழுதேன், கண்ணீர் இடது கண்ணுல வந்துடுச்சு. கேமரா வலது பக்கம். டைரக்டரே போதும்னுதான் சொன்னாரு. நான்தான் கையைத் தூக்கி, "சார், இன்னொரு தடவை எடுத்துக்கலாமா"ன்னு கேட்டேன்.

எடுத்தாங்க. மறுபடியும் 'என்னை அனுப்புங்க'ன்னேன், கண்ணீர் சரியான கண்ணுல வந்துச்சு. முதலாளி என்னையே பார்த்துட்டு இருந்தாரு. "நீ சொல்றது நியாயந்தான்"னாரு. "கிளம்பு"ன்னாரு.

அந்த மூணாவது வீடுதான்ணே. பால்கனியில நிக்கிறாளே, அவதான். கொஞ்சம் தள்ளியே நிறுத்துங்க... என்ன சொல்றதுன்னு யோசிச்சுக்கிறேன். அவகிட்ட இன்னொரு தடவை எடுக்க முடியாது.