ஒத்திகைத் தொலைபேசியின் மறுமுனையில் இருந்தவருக்கு

எங்கள் மையத்தின் மூத்த ஆலோசகரே! வீட்டில் ஒருவர் போதையில் விழுந்தால் வீடே வாயடைத்துப் போகும் என்பதை அறிந்து, வாயடைத்தவர்களுக்குப் பேசக் கற்றுத் தந்தவரே! வந்த குடும்பங்களெல்லாம் 'ஹலோ அக்கா' என்று பட்டப்பெயர் சூட்ட, அதற்கும் சிரித்தபடி திரும்பிப் பார்த்தவரே! இருபத்தாறு ஆண்டுப் பணி இன்றோடு நிறைவுற, விடைபெற்று நிற்கும் உங்களுக்கு உடன் உழைத்தோரின் வணக்கம்.

வாடாத மலர், வற்றாத நதி என்று எழுதத்தான் தொடங்கினோம். "அதெல்லாம் வேணாம்பா. நடந்ததை எழுதுங்க. தப்பு நடந்த இடத்தை விட்டுடாதீங்க" என்றீர்கள். அதற்குக் கட்டுப்பட்டு எழுதிய மடல் இது. கைதட்ட இதில் அதிக இடம் இருக்காது. அவையோர் பொறுத்தருள வேண்டும்.

குடும்பங்கள் கூடும் அறையின் ஜன்னலோரம் ஒரு பழைய தொலைபேசி இருக்கிறது. அதற்கு இணைப்பு கிடையாது. தடுப்புப் பலகைக்கு அப்பால் அதே போல் இன்னொன்று. அதன் அருகே நீங்கள். போதை மிஞ்சி மகன் மூச்சடங்கிக் கிடக்கும்போது தாய்க்கு நாக்கு எழாது என்பதால், ஆம்புலன்ஸை அழைப்பதற்கு முன்கூட்டியே ஒத்திகை வைத்தீர்கள். முகவரி சொல்ல வேண்டும். எந்த வாக்கியத்தைச் சொல்ல அஞ்சுகிறார்களோ அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"வயரே இல்லாத போன்ல யாரும்மா பேசுவா? என்னை லூசுன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டார், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர்.

"நான் பேசுறேன் அண்ணே. எடுத்துத்தான் பாருங்களேன்" என்று பலகைக்குப் பின்னாலிருந்து உங்கள் குரல் வந்தது.

சிரித்துக்கொண்டே எடுத்தவர், "என் பையன் மூச்சு" என்பதோடு நின்றுவிட்டார். நீங்கள் அவசரப்படுத்தவில்லை. சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, முகவரியை மட்டும் கேட்டீர்கள். வழியிலுள்ள பஸ் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லித் தம் வீட்டில் வந்து இறங்கினார் அவர். அறையே சிரித்தது, அவரும் சிரித்தார்.

தையல் கடையில் வேலை பார்த்த மருமகள் ஒருத்தியும் அந்தக் குழுவில் இருந்தாள். ஒரு மதியம் குளியலறைக் கதவோரம் அவள் கணவன் விழுந்து கிடந்தபோது, பழகியபடியே அழைத்தாள். அவன் பிழைத்தான். ஆனால் ஆம்புலன்ஸோடு போலீஸும் வந்தது. அலமாரியில் அவன் மறைத்து வைத்திருந்த பொட்டலத்துக்காக இருவரையும் கைது செய்தார்கள். மறுநாள் அவளுடைய மாமியார் நம் வாசலில் வந்து நின்றார். "நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியேதான் சொன்னா. ஒரு வார்த்தை பிசகல. போலீஸ் வரும்னு மட்டும் நீங்க சொல்லல."

உங்களுக்கு அது தெரிந்தே இருந்தது. சொன்னால் பயந்து அழைக்காமல் விட்டுவிடுவார்கள் என்று எண்ணி மறைத்தீர்கள். அதற்குப் பின் அந்த அறையில் நாற்காலிகள் காலியாயின. பஸ் டிரைவரின் மகன் மயங்கி விழுந்த அன்று, அவனும் ஜெயிலுக்குப் போவானே என்று அஞ்சிய அந்தத் தகப்பன் ஆம்புலன்ஸை அழைக்கவில்லை; மூச்சு நின்ற பின்னும் அவன் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். சாவு வீட்டில் அவர் அருகே போய் உட்கார்ந்தீர்கள்.

உயிர் காக்க அழைத்தவரையும் காப்பாற்றப்பட்டவரையும் கைது செய்யக் கூடாது என்னும் ஒரே ஒரு வரியைச் சட்டத்தில் சேர்க்கக் கோரி, அதன்பின் நீங்கள் ஏறாத படியில்லை, காத்திராத வரவேற்பறையில்லை. "அப்போ தாராளமா போட்டுக்கங்கன்னு சட்டமே சொல்லணுமா?" என்று அக்கோரிக்கையை விசாரித்த அரசுக் குழுவின் உறுப்பினர் ஒருவர் நக்கலாகக் கேட்டார். "செத்தவனைத் திருத்த முடியாதுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அமர்ந்தீர்கள். அந்த வரி இன்றும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

உங்களுக்குப் பின் பலகைக்கு அப்பால் யார் உட்காருவது என்று நீங்கள் கேட்டபோது, நாங்கள் ஆளுக்கொரு சாக்குச் சொன்னோம். சென்ற வாரம் அந்த மருமகள் வந்தாள். வழக்கு முடிந்திருந்தது, தையல் கடை வேலை போயிருந்தது. "அந்தப் பக்கம் நான் உக்கார்றேன்க்கா. ஆனா போலீஸும் வரலாம்னு மொதல்லயே சொல்லிடுவேன். அதுக்கப்புறமும் கூப்பிடுங்கன்னு சொல்வேன்."

"சொல்லும்மா. நான் சொல்லியிருக்க வேண்டியது அதுதான்."

அவள் உள்ளே போய் அமர்ந்தாள். நீங்கள் இந்தப் பக்கம் வந்து, இத்தனை ஆண்டுகளில் முதல்முறையாக ஜன்னலோரத் தொலைபேசியைக் கையில் எடுத்தீர்கள். "ஹலோ, சொல்லுங்க" என்றாள். உங்களால் பேச முடியவில்லை. அவள் அவசரப்படுத்தவில்லை. நீங்கள் காத்திருந்ததைப் போலவே காத்திருந்தாள். அன்றுதான் உங்களை அனுப்பிவைக்க எங்களுக்குத் துணிவு வந்தது.

அன்பிற்குரியவரே! உடல்நலம் குன்றாமல், உறக்கம் கலையாமல், உற்றார் சூழ நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். அந்தச் சட்ட வரி நிறைவேறிய நாளைக் குறிப்பதற்கென்று இம்மடலின் அடியில் ஓர் இடம் ஒதுக்கியிருந்தோம். அது வெறுமையாகவே இருக்கிறது. மடலுக்குக் கண்ணாடிச் சட்டகம் போடுபவரிடம் அந்த இடத்தை மறைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். பின்பலகையைக் கழற்ற வசதியாகத் தளர்வாகவே ஆணி அடிப்பதாகச் சொன்னார். அந்த நாள் வந்தால் பேனாவோடு உங்கள் வீட்டுக்கு வருவோம். கதவைத் திறக்க நீங்கள் இருக்க வேண்டும்.

என்றும் உங்கள் அன்பை மறவாத,
குடும்ப ஆதரவு மையப் பணியாளர்கள்

நிறைவேறிய நாள்: