குரைக்காத வெறி

பேச்சாளருக்குப் பத்தே நிமிடம் என்று சொல்லிவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் என் கண்ணில் படும்படி வைத்திருக்கும் அவைத் தலைவர், எங்கள் வணிகர் சங்கத்தின் பெருமைக்குரிய பிச்சை முகம்மது அண்ணன் அவர்களே! சால்வைக்குள் உடம்பையும் வெயிலுக்குள் முகத்தையும் வைத்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களே, அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு வந்த தாய்மார்களே! ஊசிப் பெட்டியோடு வந்திருக்கும் கால்நடை மருத்துவர் அவர்களே! கயிற்றின் ஒரு முனையில் நீங்களும் மறுமுனையில் உங்கள் நாயுமாக நிற்கும் செண்பகனூர்ப் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். நாய்களுக்கும் வணக்கம். இன்றைய விழா நாயகர்கள் அவர்கள்தான்.

நான் லீலா. பேருந்து நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருப்பவள். பட்டிமன்றம் என்றால் பண்ணைக்காடு வரைக்கும் ஜீப் அனுப்பி என்னை அழைத்துப் போவார்கள். இன்றைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘வெறி என்னும் சொல்’. நாய்க்கு ஊசி போடுகிற இடத்தில் சொல்லாராய்ச்சி எதற்கு என்று பின்னாலிருந்து ஒரு தம்பி கேட்கிறார். கேளுங்கள் தம்பி, கேட்பது நல்லது. நான் அன்றைக்குக் கேட்காமல் போனதால்தான் இன்றைக்கு இந்த மேடையில் நிற்கிறேன்.

வெறி! இந்த இரண்டெழுத்தை நாம் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம்? பையன் மட்டையும் பந்துமாகத் திரிந்தால் கிரிக்கெட் வெறி. பெண் புத்தகத்தைக் கீழே வைக்காவிட்டால் படிப்பு வெறி. மூன்று வேளையும் என் கடைக்கு வந்தால் டீ வெறி. அந்த வெறி மட்டும் வாழ்க, வளர்க! தூண்பாறையில் பனி விலகியதும் சுற்றுலா வந்த பிள்ளைகள் கத்துகிறார்கள்: “செம வெறித்தனமா இருக்குடா!” பாறை பாட்டுக்கு நிற்கிறது, பனி பாட்டுக்குப் போகிறது. இதில் வெறி எங்கே இருக்கிறது என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பழைய அகராதியைப் பிரித்தால் வெறிக்கு மணம் என்று ஒரு பொருள் உண்டு, கள் என்று ஒரு பொருள் உண்டு. பழநி மலை முருகனுக்கும் இந்தச் சொல்லுக்கும் தொன்மையான தொடர்பு உண்டு. ஒரு வீட்டில் மகள் வாடுகிறாள். உண்ணவில்லை, உறங்கவில்லை, ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறாள். தாய் பதறுகிறாள். முருகன் பிடித்திருக்கிறான் என்று எண்ணி, முருக பூசாரியான வேலனை வரவழைக்கிறாள். களம் மெழுகி, கிடாய் அறுத்து, வேலன் வேல் ஏந்தி ஆடுகிறான். அந்த ஆட்டத்துக்குப் பெயர் வெறியாட்டு. ஊரே ஆடுகிறவனைப் பார்க்கிறது. ஆனால் நோய் யாருக்கு? ஆடுகிற வேலனுக்கா? அந்தப் பெண்ணுக்கு மனத்தில் காதல் இருந்தது. அவள் பேசாமல் மூலையில் இருந்தாள். அவளை யாரும் பார்க்கவில்லை.

இதைப் பல மேடைகளில் நான் முழங்கியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். ஆனால் எனக்கே அது புரியவில்லை என்பது போன ஆண்டு ஆடி மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

என் கடையை ஒட்டிய கடை ஆமினாவுடையது. தைலமும் சாக்லேட்டும் விற்கிறாள். அதோ, மூன்றாவது வரிசையில் பச்சைச் சால்வை. எழுந்திருக்க வேண்டாம் ஆமினா, உட்கார்ந்திரு. அந்த ஆடியில் எங்கள் தெருவில் ஒரு கருப்பு நாய் இரண்டு நாளாக ஓயாமல் குரைத்தது. காலையில் குரைத்தது, கடை திறந்தால் குரைத்தது, பேருந்து வந்தால் குரைத்தது, போனாலும் குரைத்தது. யாரோ சொன்னார்கள், வெறி. உடனே எல்லாரும் சொன்னோம், வெறி! ஜீப் ஓட்டும் செல்வமுருகன் கம்பெடுத்தார், இன்னும் பத்துப் பேர் கல்லெடுத்தார்கள், துரத்தினார்கள். தம்பி செல்வமுருகன், தலையைக் குனியாதீர்கள். முதல் விறகுக் கட்டையை எறிந்தவள் நான். அதன் பின்னங்காலில்தான் பட்டது. நொண்டிக்கொண்டே சோலைக்குள் ஓடிவிட்டது. ஊருக்கு நல்லது செய்த களிப்பில் நான் எல்லாருக்கும் டீ ஆற்றினேன்.

கருப்பு நாயைத் துரத்திய அதே காலையில் ஆமினாவின் கடைக்குப் பின்னால் இன்னொரு நாய் படுத்திருந்தது. செம்பட்டை நாய். குரைக்கவில்லை, உறுமவில்லை, ஓடவில்லை. வாய் கொஞ்சம் திறந்து, தாடை தொங்கி, எச்சில் வழிந்தது. இரக்கப்பட்டு ஆமினா பன்னைப் பாலில் நனைத்து வைத்தாள். அது முகர்ந்தது, ஆனால் விழுங்க முடியவில்லை. என்னைக் கூப்பிட்டாள். ஏன் என்னை? நான்தானே ஊருக்குப் பொருள் சொல்கிறவள்!

“லீலாக்கா, இதுவும் வெறி நாயா இருக்குமோ? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்.”

நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இதே குரலில், இதே தோரணையில் சொன்னேன்: “ஏம்மா ஆமினா, வெறி புடிச்சா ஆடும், ஓடும், கண்டதையும் கடிக்கும். இது பாவம், சுருண்டு கெடக்கு. தொண்டையில எலும்பு சிக்கியிருக்கும். வெரசா கைய விட்டு எடுத்து விடு.”

அவள் என் பேச்சை நம்பி, அந்த வாய்க்குள் கையை விட்டாள். எலும்பு எதுவும் இல்லை. பல் பட்டு விரல் கீறி ரத்தம் வந்தது. மஞ்சளை வைத்துத் துணி சுற்றினாள். “வெறி இல்லேல்ல அக்கா?” என்று இன்னொரு முறை கேட்டாள். “சோலியப் பாரு போ” என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டதே. ஆமாம், எனக்கும் இதைச் சொல்லும்போது சிரிப்பு வருவதில்லை.

மூன்றாம் நாள் அந்தச் செம்பட்டை நாய் படுத்த இடத்திலேயே செத்துக் கிடந்தது. அன்று காலை கிராம சுகாதாரச் செவிலியர் ஜோதிமணி என் கடைக்கு டீ குடிக்க வந்தார். ஆமினாவின் விரலில் துணியைப் பார்த்தார். என்ன என்று கேட்டார். ஆமினா சொன்னாள், நாய் செத்ததையும் சொன்னாள். ஜோதிமணி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“மூணு நாளாச்சா? ஏன் ஆஸ்பத்திரிக்கு வரல?”

“லீலாக்கா வெறி இல்லன்னாங்க.”

“லீலாக்கா எந்த ஆஸ்பத்திரியில டாக்டரா இருக்காங்க?”

அவையோரே, எத்தனையோ நடுவர்கள் எனக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். இப்படி ஒரு தீர்ப்பை நான் கேட்டதில்லை. ஜோதிமணி என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: “வெறி வந்தா எல்லாம் பாயாதுக்கா. சிலது இப்பிடித்தான் படுத்துக்கும். தாடை தொங்கும், சத்தம் வராது, எதுவும் எறங்காது. பாக்கறவங்க எலும்பு சிக்கிருக்குன்னு நெனச்சுக் கைய விடுவாங்க. அதுதான் ரொம்ப மோசம், ஏன்னா அதப் பாத்து யாரும் பயப்பட மாட்டாங்க.”

ஆமினாவின் கையைக் குழாயடியில் இழுத்து வைத்து, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினார். டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. செல்வமுருகன் ஜீப்பை எடுத்தார். கொடைக்கானல் அரசு மருத்துவமனையில் காயத்தைச் சுற்றி ஒரு மருந்தும், தடுப்பூசியின் முதல் தவணையும் போட்டார்கள். மூன்று நாள் தாமதம், அடுத்த தவணை எதையும் தவற விடாதீர்கள் என்றார்கள். நோய் வெளியே தெரிந்துவிட்டால் அதன்பிறகு மருந்து கிடையாது என்று மருத்துவர் சொன்னபோது, அடுத்த தவணைத் தேதிகளை நான் என் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

கருப்பு நாய் என்ன ஆயிற்று என்று அந்த அம்மா கேட்கிறார். பத்து நாள் கழித்து நொண்டிக்கொண்டே திரும்பி வந்தது. கால்நடை மருத்துவர் அதற்கும் ஊசிகள் போட்டு, மாதக்கணக்கில் கட்டிவைத்துக் கவனித்தார். அதற்கு ஒன்றுமில்லை. அது ஆமினாவின் கடைப்புறம் பார்த்துத்தான் குரைத்தது என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். நம்மை எச்சரித்ததா? தெரியாது. நாயின் மனசு எனக்கென்ன தெரியும்? ஆனால் அது குரைத்த பக்கம் நம்மில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கண் சிவந்து, வாய் நுரைத்து, கம்போடும் கல்லோடும் தெருவில் ஓடியது யார்? நாம்தான். அன்றைக்கு அந்தச் சொல்லுக்குப் பொருத்தமாக நடந்துகொண்டவர்கள் நாம்தான்!

ஆகவே உங்களை வேண்டுகிறேன். கிரிக்கெட்டுக்கு வெறி என்று சொல்லுங்கள், பாறைக்குச் சொல்லுங்கள், என் டீக்குச் சொல்லுங்கள். ஆனால் நாய் கடித்தால் அந்தச் சொல்லை நம்பாதீர்கள்! குரைத்த நாயா, கழுவுங்கள்! குரைக்காத நாயா, கழுவுங்கள்! வளர்த்த நாயா, வந்த நாயா, குட்டி நாயா, கீறல்தானா, கழுவுங்கள், கழுவிவிட்டு ஊசிக்கு ஓடுங்கள்! வெறியா இல்லையா என்று என்னைப் போன்ற சொல்லறிஞர்களிடம் நின்று கேட்காதீர்கள்! சொல்லுக்குப் பொருள் தெரிந்தவளுக்கு நோய் தெரியும் என்று யார் சொன்னது?

கடைசியாக ஒன்று. அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார், முடித்துவிடுகிறேன்.

ஊசியெல்லாம் போட்டு முடிந்த பிறகும் எனக்குப் பயம் போகவில்லை. அந்த நோய் வந்தால் தண்ணீர் தொண்டையில் இறங்காது என்று கேள்விப்பட்டிருந்தேன். தினமும் வெள்ளனே ஆமினா கடை திறந்ததும் ஒரு டம்ளர் டீ கொண்டுபோய்க் கொடுப்பேன். ஏதோ வியாபாரம் பேசுவதுபோல அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். முதல் வாய் இறங்கினால்தான் எனக்கு மூச்சு வரும். இப்படி மூன்று மாதம் கொடுத்தேன். அவளுக்கு எதுவும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் காலி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு ஆமினா சொன்னாள்:

“நீங்க எதுக்கு டீ கொண்டு வர்றீங்கன்னு எனக்குத் தெரியும்க்கா. நானும் அதுக்குத்தான் குடிச்சுப் பாத்தேன்.”

இன்று காலையும் குடித்தாள். இறங்கியது. இதோ உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கருப்பு நாய்க்கு இப்போது கருப்பன் என்று பெயர்; மேடையில் அவன் கயிற்றை நான் பிடித்துக்கொள்கிறேன், மருத்துவர் ஐயா இன்றைய முதல் ஊசியை அவனுக்குப் போடட்டும். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பொறுத்துக்கொண்ட ஆமினாவுக்கும், என்னை அன்று திட்டிய ஜோதிமணிக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.