பன்னிரண்டாவது கப்

பால் போதாவிட்டால் ஜாடியில் இருக்கிறது, ஊற்றிக்கொள்ளுங்கள் சார். கப்பின் காதை மட்டும் பிடித்துத் தூக்காதீர்கள், அடியில் ஒரு கை கொடுங்கள். நூறு வயது தாண்டியது. இந்த வயதில் யாருக்குமே காதைப் பிடித்தால் பிடிக்காது.

நீங்கள் எழுதிக்கொண்டு வந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரே ஒரு வரியைத் திருத்த வேண்டும். "தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் சத்தம் எதுவும் கேட்கவில்லை" என்று இருக்கிறதே, அது. மிஷின் ஓடியது வாஸ்தவம்தான். பன்னிரண்டு பேருக்கு மேசைத் துணி ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். ஆனால் எனக்குச் சத்தம் கேட்கவில்லை என்று சொன்னால் இந்தக் கட்டடத்தில் சின்னக் குழந்தைகூட நம்பாது. எனக்கு இங்கே என்ன பெயர் தெரியுமா? செய்தி அறிக்கை. என் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். அதுவும் எனக்குக் கேட்டுவிடும்.

உங்கள் கையில் இருக்கும் கப்பைத் திருப்பினால் அடியில் நீல முத்திரை தெரியும். டீ குடித்த பிறகு திருப்புங்கள். ஜெர்மன் பீங்கான். பூ கையால் வரைந்தது. அதனால்தான் ஒரு கப்பின் ரோஜா இன்னொன்றில் அப்படியே வராது. சுடும்போது எங்காவது கரும்புள்ளி விழுந்துவிட்டால், அதன் மேல் ஒரு வண்டு வரைந்து மறைத்துவிடுவார்களாம். உங்கள் கப்பில் காதுக்குப் பக்கத்தில் ஒன்று ஊர்கிறது, பாருங்கள். அந்தத் தையல் மிஷினும் அப்படி ஒரு வண்டுதான்.

என் வீட்டுக்காரர் வேலை மாற்றலாகிப் போன ஓர் அதிகாரியிடமிருந்து ஆறு கப் வாங்கி வந்தார். மீதியை நான் முப்பது வருஷம் தேடி, ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். தட்டு பன்னிரண்டு, சாசர் பன்னிரண்டு, சூப் கிண்ணம், அதன் மூடி. கப் மட்டும் பதினொன்றில் நின்றுவிட்டது. முழு செட்டாக ஆகாமல் விருந்து வைக்க மாட்டேன் என்று இருந்தேன். "பத்துப் பேரைக் கூப்பிடேன், உன்னோட பதினொண்ணு, பன்னிரண்டாவது ஆள் நான், டம்ளர்ல குடிச்சுட்டுப் போறேன்" என்பார் அவர். நான் கேட்கவில்லை. அவர் போனபோது வந்தவர்களுக்கு வாடகைக் கப்பில்தான் காப்பி கொடுத்தோம்.

கீழ்வீட்டுக்குப் பல் டாக்டர் குடிவந்த அன்று மாடிப்படியில் நின்று சாமான் இறங்குவதைப் பார்த்தேன். நாற்பத்தோரு பெட்டி. பாத்திரமெல்லாம் எவர்சில்வர், கண்ணாடி. தனியாக இருக்கிற பொம்பளை, ஓய்வு பெற்றவர், மூன்று குடை எதற்கு என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு கப்பை எடுத்துத் துடைத்தார். இதே ரோஜா. இதே தங்க விளிம்பு. என் கால் தானாக நாலு படி இறங்கியது.

அவருடைய அம்மா வைத்திருந்ததாம். ஒற்றைக் கப். கேட்டேன். மாற்றாக எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கப்பை விளக்குக்கு நேரே தூக்கி, பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டுக் காட்டினார்.

"அக்கா, இதுல மயிரிழை விரிசல் இருக்கு. காதுக்குக் கீழ. தெரியுதா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே டாக்டர்."

"சொத்தைப் பல்லு வச்சிருக்கிறவங்களும் இதையேதான் சொல்வாங்க."

சிரித்தேன். ஆனால் நம்பவில்லை. இல்லாத சொத்தையைக் காட்டிப் பல்லைப் பிடுங்குகிறவர்களை எனக்குத் தெரியும். தொட்டுப் பார்க்கிறேன் என்றதற்கு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். கொடுக்க மனசில்லாமல் விரிசல் என்று கதை கட்டுகிறார் என்று நான்கு வீட்டில் சொன்னேன். சரி, ஒன்பது வீட்டில்.

பீங்கான் சேர்ப்பவர்களுக்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம் சார். நகத்தால் சுண்டினால் முழுக் கப் கணீரென்று பாடும். விரிசல் இருந்தால் சத்தம் மண் பானை மாதிரி அடங்கிவிடும். ஒரே ஒரு தடவை சுண்டிப் பார்க்க விட்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

போன மாதம் டாக்டருக்குத் தலைசுற்றல் வந்தது. மறுநாள் மாற்றுச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "பேச்சு வராமப் போச்சுன்னா மூணு மூணா எதையாவது தட்டுவேன்க்கா. நான் எத்தனை தடவை தும்முறேன்னு கணக்கு வச்சிருக்கிற காது உங்களோடது. கேக்காமலா போகும்?" சாவி இதோ இந்த ஆணியில்தான் தொங்கியது.

இரண்டு வாரத்துக்கு முன் மகன் போன் பண்ணினான். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வருகிறோம் என்றான். அவன், மருமகள், சம்பந்தி வீட்டார், மகள், மாப்பிள்ளை, பேரப்பிள்ளைகள். என்னையும் சேர்த்து எண்ணினேன். பன்னிரண்டு. ஒன்பது வருஷமாக ஒன்றாக வந்து உட்காராதவர்கள் சார். விரலை மடக்கி மூன்று தடவை எண்ணினேன். அன்று முதல் எனக்குத் தூக்கமில்லை. வியாழக்கிழமை காலையில் டாக்டர் வாசலில் போய் நின்றேன். காலில் விழாத குறை.

"ஒரு நாளைக்கு இரவல் கொடுங்க டாக்டர்."

"சூடா ஊத்துனதும் காது கழண்டு குழந்தை மடியில கொட்டும்க்கா. தெரிஞ்சே எப்படிக் கொடுக்கிறது? ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்க, பார்க்கலாம்."

பார்க்கலாம் என்றால் முடியாது என்றுதானே அர்த்தம்?

அன்று மதியம் இரண்டு நாற்பதுக்குக் கேட்டது. மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு. மிஷினை நிறுத்தினேன். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பாதிப் படியில் நின்றுவிட்டேன்.

அது பீங்கான் சத்தம். நல்ல, முழுசான, விரிசல் இல்லாத ஜெர்மன் பீங்கான். கணீர், கணீர், கணீர். அந்த வீட்டில் அந்த ஜாதிப் பீங்கான் ஒன்றுதான் உண்டு. ஆக, இத்தனை நாளும் அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறார்.

படியிலேயே உட்கார்ந்தேன். கோபத்தில் ஓடக்கூடாது, தடுக்கி விழுவோம். பத்து நிமிஷம் தட்டட்டும், என்னைக் கெஞ்ச விட்டது எப்படி இருக்கும் என்று தெரியட்டும் என்று நினைத்தேன். பத்து இருபதானது. பிறகு மூன்று தட்டு இரண்டானது. இடைவெளி நீண்டது. நாலே கால் வரைக்கும் கேட்டது. சாவி என் மடியில்தான் இருந்தது.

சத்தம் நின்ற பிறகு போனேன். சாப்பாட்டு மேசைக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தார். கண் திறந்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. உதட்டின் ஒரு பக்கம் மட்டும் அசைந்து "க்கா" என்றார். நான் நேராக அலமாரிக்குப் போனேன். அலமாரிச் சாவி பூட்டிலேயே இருந்தது. கப்பை எடுத்து நகத்தால் சுண்டினேன்.

மண் பானை.

மறுபடி சுண்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். காதுக்குக் கீழே, அவர் சொன்ன அதே இடத்தில், மயிரிழை.

அப்புறம்தான் திரும்பி அவர் கையைப் பார்த்தேன். ஒரு கையில் கரண்டி. இன்னொரு கையில், மார்போடு அணைத்தபடி, ஒரு பால் ஜாடி. இதே ரோஜா. மேசைமேல் பிரித்த பார்சல். வாழ்த்து அட்டையில் 'அக்கா வீட்டு விருந்துக்கு' என்று எழுதியிருந்தது. அந்த வீட்டில் எனக்குத் தெரியாத ஒரு பொருள் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை சார்.

அப்போதாவது ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். கூப்பிடத்தான் போனை எடுத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிழைத்து, பேச்சும் திரும்பிவிட்டால், எவ்வளவு நேரம் தட்டினேன் என்று சொல்வாரே? ஒன்பது வீட்டிலும் என் பெயர் அடிபடும். அடுத்தவர்களைப் பற்றிப் பேசியே காலம் தள்ளினவளுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். போனை வைத்தேன். ஜாடியை அவர் கையிலிருந்து மெதுவாக எடுத்தேன். விரல் இறுக்கமாக இருந்தது, ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. இரண்டையும் மேலே கொண்டுவந்து வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துடைத்து வைத்தேன். ஆறு மணிக்குத்தான் கூப்பிட்டேன். அதற்குள் எல்லாம் அடங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. "கீழ்வீட்டுல சாவு, மாடியில விருந்தாம்மா?" என்றான் மகன். அவன் சொல்வதும் நியாயம்தான். போட்ட மேசை அப்படியே இருக்கிறது. நீங்கள்தான் முதல் விருந்தாளி. பயப்படாதீர்கள், விரிசல் கப் என் முன்னால் இருப்பது.

கையெழுத்து எங்கே போடணும்? அதற்கு முன் ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். கப்பைப் பற்றி டாக்டர் பொய் சொல்லவில்லை. அதைத் தெளிவாக எழுதுங்கள். இறந்துபோனவரைப் பற்றி இந்தக் கட்டடத்தில் நாலு பேர் தப்பாகப் பேசினால் என்னால் தாங்க முடியாது.