மூட்டு வலிக்கு, இரண்டு வேளை

முட்டி வலிக்கு என்ன சாப்பிடலாம் என்று என்னிடம் கேட்காதவர்கள் எங்கள் தெருவில் குறைவு. நான் டாக்டர் இல்லை. இருபத்தாறு வருஷம் மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுத்தவன், அவ்வளவுதான். ஆனாலும் கேட்பார்கள். குளுக்கோசமின் என்கிற மூட்டுவலி மருந்தைப் பற்றிக் கேட்டால் நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான். சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. மூன்று மாதம் சாப்பிட்டுப் பாருங்கள், பலன் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். நேர்மையான பதில் அது. இதை நீங்கள் முதலிலேயே எழுதிக்கொண்டால் நல்லது.

என் தங்கைக்கு ஐம்பத்திரண்டு வயது. சட்டை தைக்கும் கடையில் துணி வெட்டுகிறாள். நாள் முழுக்க நின்றுகொண்டு செய்கிற வேலை. கோடு போட்ட துணியில் அவள் வெட்டின பாக்கெட்டை வைத்தால், பாக்கெட் இருப்பதே தெரியாது. கோட்டோடு கோடு அப்படிச் சேர்ந்து நிற்கும். அவளுக்கும் கல்யாணம் ஆகவில்லை, எனக்கும் ஆகவில்லை. அம்மா போனபின் அந்த மூன்றாவது மாடி வீட்டில் பத்தொன்பது வருஷமாக நாங்கள் இருவர்தான். அவள் சமைப்பாள், நான் பாத்திரம் கழுவுவேன். ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்ததும், அவளுடைய ஒரு வாரத்து மாத்திரைகளை ஏழு கட்டம் உள்ள டப்பாவில் நான் அடுக்கிவைப்பேன்.

வலது முட்டி மோசமானதிலிருந்து அவள் கடையையும் வீட்டையும் தவிர எங்கும் போனதில்லை. எனக்கு அதில் வருத்தம்தான். தைலம் தேய்த்துவிட்டிருக்கிறேன், படி இறங்கக் கை கொடுத்திருக்கிறேன். ஆனால் ஆறரை மணிக்கு அவள் வீட்டில் இருப்பாள் என்று தெரிந்திருப்பதில் ஒரு நிம்மதி இருந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது?

அப்புறம்தான் கண்ணாடிக்காரர் முளைத்தார். அவள் மூக்குக்கண்ணாடி மாற்றப் போன கடைக்காரர். மனைவி இறந்து நாலு வருஷம் ஆனவர். பார்வையைச் சோதிக்க வந்தவளிடம் முட்டியைப் பற்றி விசாரிப்பானேன் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது. குளுக்கோசமின் சாப்பிடச் சொன்னது அவர்தான். அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பாட்டிலை வாங்கிவந்து மேஜைமேல் வைத்தாள். காலை ஒன்று, இரவு ஒன்று, கூடவே தினமும் நடக்க வேண்டுமாம். யாருடன் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் மருந்து தெரிந்தவன் ஒருவன் இருக்கும்போது வெளியே யோசனை கேட்கிறவள், வேறு என்னவெல்லாம் வெளியே கேட்கிறாள் என்றுதான் யோசித்தேன்.

அவள் படியேறி வரும்போது எத்தனை இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறாள் என்பதைக் கதவுக்குப் பின்னாலிருந்து எண்ணுவது என் வழக்கம். அக்கறைதான். முன்பெல்லாம் மூன்று தடவை நிற்பாள். இரண்டாவது பாட்டில் முடிகிற சமயம், ஒரு தடவைகூட நிற்காமல் வந்தாள். அன்றிலிருந்து நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். புதுச் செருப்பு. கைப்பையில் பூங்காவின் காய்ந்த இலை ஒன்று. ஆறரை ஏழாயிற்று, ஏழு ஏழேமுக்கால் ஆயிற்று. கடைசியில் அவளே சொல்லிவிட்டாள்.

"ரெண்டு மாசத்துல பதிவு பண்ணிக்கலாம்னு இருக்கோம். நீதான் சாட்சிக் கையெழுத்து போடணும்ணா."

ரொம்ப சந்தோஷம் என்றேன். போடுகிறேன் என்றும் சொன்னேன். நான் கத்தவில்லை, ஒரு தட்டைக்கூடத் தூக்கிப் போடவில்லை. அன்றைக்கு அவளோடு வந்திருந்த கண்ணாடிக்காரரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

மூன்றாவது பாட்டிலில் இருந்த அறுபது கேப்சூலையும் திறந்து, தூளைக் கொட்டிவிட்டு, அரிசி மாவை நிரப்பினேன். மாவு யாரையும் கொல்லாது. பழைய வலி திரும்பினால் அவள் பழையபடி வீட்டில் இருப்பாள் என்று கணக்குப் போட்டேன். ஒரு மாதம் மாவைத் தின்றுவிட்டு அவள் முன்னைவிட வேகமாகப் படியேறினாள். அவளுக்குக் கேட்டது மருந்தில்லை, நடைதான் போலிருக்கிறது. நான் தெருவில் எல்லோருக்கும் சொல்லிவந்த பதில் எவ்வளவு சரியானது பாருங்கள்.

அதனால் நான்காவது பாட்டிலில் வேறொரு தூளை வைத்தேன். அது என்ன என்பது உங்கள் பரிசோதனை அறிக்கையில் இருக்கிறது, நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. அளவை யோசித்துத்தான் வைத்தேன். தலை சுற்றும், கால் தள்ளாடும், நாள் முழுக்கத் தூக்கம் கண்ணைச் சுழற்றும். அதற்குமேல் ஒன்றும் ஆகாது. மூன்று வாரத்தில் அவள் நடைப்பயிற்சியை நிறுத்தினாள். கடையில் ஒரு நாள் கத்தரி வழுக்கி, முழு நீளத் துணி பாழானதாம். டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று கண்ணாடிக்காரர் வந்து நின்றார். வயதாகிறது, இதற்கெல்லாம் டாக்டர் எதற்கு என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன். பதிவு தள்ளிப்போயிற்று. ஆறரைக்கு அவள் வீட்டில் இருந்தாள். நான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், இந்தப் பத்தொன்பது வருஷத்தில் நாங்கள் அன்பாக இருந்தது அந்தச் சில நாள்தான்.

பிறகு அவள் என்னைப் பார்க்கிற பார்வை மாறியது. நான் போட்ட காபியை ஆறவிட்டுத் தொட்டியில் ஊற்றினாள். நான் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போனால் போனில் பேசுவதை நிறுத்திக் காது கொடுத்தாள். கூடப் பிறந்தவனைச் சந்தேகப்படுவது எவ்வளவு பெரிய பாவம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் டப்பாவை அடுக்க உட்கார்ந்தபோது அவளும் எதிரே வந்து உட்கார்ந்தாள். பாட்டிலிலிருந்து ஒரே ஒரு கேப்சூலை எடுத்துச் சின்னத் தட்டில் வைத்து என் பக்கம் நகர்த்தினாள்.

"உனக்கும் முட்டி வலிக்குதுன்னு சொன்னியே. ஒண்ணு போட்டுக்கோண்ணா."

நான் கோழை இல்லை. ஒன்று போட்டால் அரை நாள் தூங்குவேன், அவ்வளவுதானே. கையில் எடுத்தேன். வாயருகே கொண்டுபோனேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது.

அந்தக் கேப்சூலின் மூடியில் நீளவாக்கில் ஒரு நீலக் கோடு, கீழ்ப்பாதியில் ஒரு நீலக் கோடு. கோணலாக இருந்தால் என் கைக்குப் பொறுக்காது. மருந்துக்கடைப் புட்டிகளைக்கூட முகப்புச் சீட்டு நேராக நிற்கும்படி திருப்பித் திருப்பி வைத்தவன் நான். எனக்கே தெரியாமல் என் கட்டைவிரல் மூடியைக் கொஞ்சம் திருப்பி, கோட்டோடு கோட்டைச் சேர்த்தது.

"கடையில போய் புது பாட்டில் ஒண்ணு வாங்கிப் பிரிச்சேன்," என்றாள். "அதுல கோடு எப்படியெப்படியோ இருக்கு. நம்ம வீட்டு பாட்டில்ல அத்தனையும் சேந்திருக்கு. இந்த ஒண்ணை மட்டும் நான்தான் கோணலாத் திருப்பி வச்சேன்."

எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். கேப்சூலை அவள் நிறுத்தி ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அந்தத் தூள் உடம்பைவிட்டு அவ்வளவு சீக்கிரம் போகாது என்று எனக்குத் தெரியும். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். நான் பின்னாலேயே போய், பொறுமையாக எடுத்துச் சொன்னேன். தொடாதே என்றாள். முப்பது வருஷமாகக் கத்தரி பிடித்த கை அது, கெட்டியாகப் பிடித்திருந்தது.

தள்ளினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு, திருத்திக்கொள்ளுங்கள். நான் தள்ளவில்லை. கைப்பிடியிலிருந்து அவள் விரல்களை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு விரலாக, வலிக்காமல்.

இடுப்பெலும்பு முறிந்திருக்கிறதாம், இனி நடப்பது சிரமம் என்கிறார் டாக்டர். பரவாயில்லை. வீட்டில் ஜன்னல் ஓரமாகக் கட்டிலைப் போட்டு, விரிப்பும் மாற்றி வைத்துவிட்டுத்தான் உங்களுடன் ஸ்டேஷனுக்கு வந்தேன். இதில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. நேற்றிலிருந்து நர்ஸ் எந்த மாத்திரையைக் கொடுத்தாலும் அவள் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாளாம். நான் கொடுத்தால் போட்டுக்கொள்வாள்.