கையெழுத்துக்கு மேலே

ஒரு நல்ல விண்ணப்பம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது, ஐயா. தாண்டினால் படிக்கிறவருக்குக் கொட்டாவி வரும். எதற்கு எழுதுகிறோம் என்பது முதல் வரியிலேயே தெரிய வேண்டும். யாரையும் குறை சொல்லக் கூடாது. முடிக்கும்போது நன்றி சொல்ல வேண்டும். சிதம்பரம் மேலவீதியில் ஒரு டைப் மிஷினை வைத்துக்கொண்டு, ஊரார் பிள்ளைகளுக்கு இத்தனை காலம் இப்படித்தான் அடித்துக் கொடுத்தேன். உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிற்று. நாற்காலி கொடுத்தீர்கள், சந்தோஷம்.

சிற்சபேசன் ஸ்ரீமுஷ்ணத்துப் பிள்ளை. பி.ஏ. படித்தவன். தகப்பன் இல்லை, தாயார் சிவகாமியம்மாள் மட்டும்தான். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் பஸ் ஏறி வந்து போகக் கட்டுப்படியாகுமா? வெளியூர்ப் பிள்ளைகள் எல்லாரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். வெள்ளைத் தாள்களின் அடியில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்துவைத்தான். விளம்பரம் வந்தால் மேலே நான் அடித்து அனுப்பிவிடுவேன்.

"என்னா வேணா அடிச்சிக்கங்க மாமா. நீங்க எழுதுனா நான் எழுதுன மாதிரிதான்" என்பான்.

கடலூர் துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை காலி என்று வந்தது. அவனுக்கும் எழுதினேன், என் மருமகன் சுப்புராயனுக்கும் எழுதினேன். மருமகனுக்கு வேலை கிடைக்கிறவரை என் மகள் சௌந்தரம் பிறந்த வீட்டிலேயே கிடக்கட்டும் என்று சம்பந்தி சொல்லிவிட்டார். அவள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பெற்றவனுக்கு வயிறு எரியாதா?

ஆனால் பாருங்கள், சிற்சபேசனின் கடிதம் அன்றைக்கு அப்படி அமைந்துவிட்டது. ஒரு சொல் கூடுதல் இல்லை. மருமகனுடையதை அடிக்கும்போது கை ஓய்ந்துவிட்டது, வழக்கமானதையே அடித்தேன். வேலை சிற்சபேசனுக்குப் போயிற்று. அவன் சேராவிட்டால் அடுத்த ஆள் சுப்புராயன் என்று கம்பெனியில் சொன்னார்கள். வேலையை வாங்கியது என் கடிதம். அதை என் வீட்டுக்குக் கேட்டதில் என்ன அநியாயம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. விட்டுக்கொடு என்று அவனிடமே கேட்டேன்.

"அம்மா இன்னும் அடுத்தவுங்க வீட்ல பாத்திரம் தேய்க்குது மாமா. இது ஒண்ணு மட்டும் கேக்காதீங்க" என்றான். சொல்லிவிட்டு அவனே அழுதான். நல்ல பிள்ளை.

மனத்தாங்கல் வேண்டாம் என்று மறுநாள் சாயங்காலம் அவனை ஊருக்கு வெளியே ஒரு குளத்துப் பக்கம் காற்றாட அழைத்துப் போனேன். அவனுக்கு நீச்சல் தெரியாது. விண்ணப்பத்தில் விளையாட்டைப் பற்றி ஒரு வரி போடுவதற்காக முன்பு கேட்டிருந்தேன், அப்போது சொன்னான். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் கழுவக் குனிந்தான். தள்ளுவதற்குப் பெரிய பலம் தேவைப்படவில்லை. ஒரு தடவை மேலே வந்து "மாமா" என்றான். இந்த இடுப்பை வைத்துக்கொண்டு நான் எங்கே குனிவது?

கடைக்குத் திரும்பினேன். அவன் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று மிச்சம் இருந்தது. தீராத வயிற்றுவலி, என் சாவுக்கு யாரும் காரணமில்லை, எல்லாருக்கும் நன்றி என்று அதில் அடித்தேன். அரைப் பக்கம்கூட வரவில்லை. மறுபடி போய் அவன் செருப்புக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். போலீஸில் நீங்களும் நம்பினீர்கள்.

கெடுத்தது அந்த அம்மாள்தான். நீங்கள் தாளைப் படித்து அர்த்தம் சொன்னபோது, "எனக்குத் தமிழ்தானுங்களே வாசிக்கத் தெரியும்? எம்புள்ள ஏன் இங்கிலீஷுல எழுதி வச்சிட்டுப் போறான்?" என்று கேட்டாள். என் மிஷினில் தமிழ் எழுத்து கிடையாது, ஐயா. எனக்கு அது தோன்றவே இல்லை. என்னிடம் வருகிற யாரும் தாயாருக்குக் கடிதம் எழுத வருவதில்லை.

சுப்புராயன் வேலையில் சேர்ந்திருந்தான். நேற்று விஷயம் தெரிந்ததும் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டான். சௌந்தரம் இந்தப் பக்கமே வரவில்லை. அவன் எழுதியதன் நகலை நீங்கள்தான் எனக்குக் காட்டினீர்கள். வரிக்கு வரி தப்பு. முதல் வரியிலேயே கோபம். முடிவில் நன்றிகூட இல்லை. வெறும் கையெழுத்தைப் போட்டு என்னிடம் கொடுத்திருந்தால், நான் நன்றாக எழுதிக் கொடுத்திருப்பேன்.